பதினோராம் வகுப்பில் ஓர் இடம் கேட்டு

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் என் போன்ற பெற்றோருக்கும் வணக்கம்.

என் மகன் இந்த ஆண்டு உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேறி, பதினோராம் வகுப்பில் சேர்ந்துவிட்டான். விண்ணப்பத்தை நீட்டினேன், வாங்கிக்கொண்டீர்கள். அவ்வளவுதான் வேலை. அதே வகுப்பில் படித்துத் தேறிய இன்னொரு பையனிடம் மட்டும், "டி.சி. வாங்கிட்டு வேற ஸ்கூல் பாத்துக்க" என்று சொல்லியிருக்கிறீர்கள். காரணம் கேட்கப் போன அவனுடைய அப்பத்தாவுக்குக் கிடைத்த பதில், "ஒங்க பேரன் பேரு சரியில்ல ஆத்தா" என்பது. எழுபதைத் தாண்டியவர். பஸ் ஏறி ஊருக்குப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

பையனின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அது போதும் போதும் என்கிற அளவுக்கு அடிபட்டாயிற்று. திருடன், முரடன், யாரோடும் ஒட்டாதவன். இந்த மூன்றும்தான் அவனைப் பற்றி ஊரில் இருக்கும் பேச்சு. மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் திருட்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். உள்ளே வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் வந்து கூடுவார்கள், நாலு நாளில் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மிச்ச நாளெல்லாம் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, சன்னலைத் திறந்து காற்றாட விட்டு, சாயங்காலம் விளக்கேற்றி வைப்பது பின்கட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பம். எங்கள் பூர்வீக வீடும் எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்கு, பங்குள்ள வீடுதான்; அதையும் இப்படி ஒரு குடும்பம்தான் காக்கிறது. இந்தப் பையனும் அவன் அப்பத்தாவும் இன்னொரு வீட்டைக் காக்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த வீடுகளுக்கு என்ன ஆகும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் மூலைக்கு வந்துதான் வளவில் இறங்க வேண்டும். மூலையில் வேப்பிலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் எதிர்த்து ஓட்டுக்கு அடியில் புகுந்துவிடும். அப்புறம் உத்தரம் ஊறும், சுவர் ஊறும். அப்பத்தாவால் ஏணி ஏற முடியாது. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இந்தப் பையன் கூரையில் ஏறி இலையை வாரிப் போட்டிருக்கிறான். தெருவில் பைக்கில் போன யாரோ அதைப் போனில் படம் எடுத்துவிட்டார்கள். விடிவதற்குள் "ஓடு பிரிக்கிறான் பாருங்க" என்று பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது.

வீட்டுக்காரர் பதறிப்போய்ச் சென்னையிலிருந்து வந்தார். அறை அறையாகத் திறந்து பார்த்தார். ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. பையனுக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். படம் வந்த குழுவில் இந்தச் செய்தி வரவில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடையில் அவனைப் பார்த்ததாக இன்னொரு பேச்சு. பார்த்தவர் சொன்னது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பித்தளை விளக்கும் அண்டாவும் துலக்குகிறான், புளியும் செங்கல் தூளும் போட்டு. நகக்கண்ணில் பச்சைக் கறை ஏறியிருப்பதை நானே பார்த்தேன். விற்கப் போனவன் கையில் அந்தக் கறை எப்படி வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது, முரட்டுத்தனம். இதில் அவன் பக்கம் நான் பேசப்போவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனை அவன் அடித்தான், உதடு கிழிந்தது. அது தப்பு. அதற்கு ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றான், அப்பத்தா வந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். முடிந்துபோன கணக்கு. ஆனால் அடிபட்ட பையன் அதற்கு முன்னால் என்ன சொன்னான் என்பதை அந்த வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள், பெரியவர்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தப் பையனுடைய அம்மா வீட்டை விட்டுப் போனவர். அப்பா வளைகுடாவில் கட்டட வேலையில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை மட்டும் போன் வரும். அந்த அம்மாவைப் பற்றித்தான் அடிபட்டவன் சொல்லியிருக்கிறான். பதினாலு வயசுப் பிள்ளை காதில் விழக்கூடாத வார்த்தை.

மூன்றாவதுதான் இந்த மடலை எழுத வைத்தது. யாரோடும் ஒட்டமாட்டான், முறைத்துக்கொண்டே இருப்பான் என்கிறீர்கள். என் மகன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அவன் மொறைக்கலம்மா. யாராச்சும் பேசுவாங்களான்னு பாத்துக்கிட்டு இருக்கான்." இரண்டு வருஷம் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார வைக்கப்பட்ட பையன் வேறு எப்படிப் பார்ப்பான்?

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் என் மகன் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தான், அறிவியல் நோட்டு எழுதிக்கொள்ள. கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். "உள்ள வாப்பா" என்று நான் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. என் வீட்டில் பலகாரத் தொழில். கூடத்தில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து சீப்புச் சீடை சுருட்டிக்கொண்டு, கதை பேசிக்கொண்டு, இடையில் சண்டையும் போட்டுக்கொண்டு இருப்பார்கள். அடுப்படியில் தேன்குழல் பிழிகிற சத்தம், டின் அடுக்குகிற சத்தம், பத்து நிமிஷத்துக்கு ஒரு போன். என் மகன் அந்த இரைச்சல் தாங்காமல் மாடிக்கு ஓடுகிறவன். இந்தப் பையன் கூடத்து மூலையில், தூணில் சாய்ந்துகொண்டு எழுதினான். முடித்தபிறகும் எழுந்திருக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம், அப்பத்தா தேடுவாரே என்று கேட்டேன்.

"வெளக்கு ஏத்திட்டுத்தான் வந்தேன் ஆச்சி. நாளைக்கும் இங்க ஒக்காந்து படிக்கட்டுங்களா?"

"இந்தச் சத்தத்துல எப்படிப்பா படிப்பே?"

"அங்க சத்தமே இல்ல ஆச்சி."

அப்பத்தாவுக்குக் காது மந்தம். அந்த வீட்டில் இருபதுக்கு மேல் அறைகள், எல்லாம் பூட்டியவை. பள்ளியிலும் அவனோடு யாரும் பேசுவதில்லை என்றால், அந்தப் பிள்ளை ஒரு நாளில் எத்தனை வார்த்தை பேசியிருப்பான்? அன்றிலிருந்து பொதுத்தேர்வு வரைக்கும் சாயங்காலம் என் வீட்டுக் கூடத்தில்தான் படித்தான். முதல் வாரம் தட்டில் வைத்ததை மட்டும் சாப்பிட்டான். அடுத்த மாதம், சீடை சுருட்டுகிற பெண்களில் ஒருத்தியின் பேத்திக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அந்தப் பிள்ளை ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுந்தபோதுதான்.

2025இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுவதாகவும், அது பதின்வயதுப் பிள்ளைகளிடம் அதிகம் என்றும் இருக்கிறது. படித்தபோது எனக்கு இந்தக் கடைசிப் பெஞ்சுதான் கண்ணில் வந்தது. பள்ளியில் 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறீர்கள், 14417, 1098 எண்களைச் சுவரில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் இவன் அந்தப் பெட்டியில் என்ன எழுதிப் போடுவான்? "என்னோடு யாரும் பேசுவதில்லை" என்றா? அப்படி ஒரு சீட்டு எழுத எந்தப் பிள்ளைக்கும் கை வராது.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. நாற்பது, ஐம்பது பிள்ளைகளை ஒரு அறையில் வைத்துக்கொண்டு பாடமும் நடத்தி, பதிவேடும் எழுதி, தேர்ச்சி விகிதத்துக்கும் பதில் சொல்கிற சிரமம் லேசானதல்ல. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவனுடைய கெட்ட பெயர் ஆறாம் வகுப்பிலிருந்து வருகைப் பதிவேட்டோடு சேர்ந்தே கைமாறி வந்திருக்கிறது. "இவனக் கொஞ்சம் பாத்துக்கங்க சார்" என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் முதல் நாளே அவனைக் கதவோரம் தனியாக உட்கார வைக்கிறார். உட்கார வைத்ததைப் பார்த்துப் பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள். பிள்ளைகள் ஒதுங்குவதைப் பார்த்து, அவன் ஒட்டமாட்டான் என்று அதே பதிவேடு திரும்பவும் சொல்கிறது. தீர விசாரிப்பதே மெய் என்று நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். இந்த ஐந்து வருஷத்தில் ஒருவராவது அந்தப் பின்கட்டு வரைக்கும் போய்ப் பார்த்ததுண்டா?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தை நான் வாசித்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. அடிக்கவும் கூடாது, மனத்தை வதைக்கவும் கூடாது என்கிறது 17ஆம் பிரிவு. பதினோராம் வகுப்புக்கு இந்த வேலி கிடையாது, அது எனக்கும் தெரியும். ஆகவே சட்டத்தைக் காட்டி மிரட்ட வரவில்லை. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவுதான் மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோரும், பாதிப்பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்று வைத்தது. ஏன் வைத்தது? இப்படி ஒரு பிள்ளைக்காகக் கேட்கத் தாய்மார்கள் நாலு பேராவது அந்த அறையில் இருக்க வேண்டும் என்றுதான் என்று நான் நினைக்கிறேன்.

குழுவில் இருக்கும் அம்மாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "அவனோடு சேராதே" என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பியது நாம்தான். பயந்து சொன்னோம். ஆனால் நம் வீடுகளின் சாவிக்கொத்தை இப்படிப்பட்ட குடும்பங்களிடம் கொடுத்துவிட்டு, வருஷக்கணக்கில் வெளியூரில் நிம்மதியாகத் தூங்குகிறோம். சாவியை நம்பிக் கொடுக்கிறவர்கள், பெஞ்சில் பக்கத்தில் உட்கார நம்ப மாட்டோம் என்பது என்ன நியாயம்?

இது வள்ளல் அழகப்பர் பிறந்த மண். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியவர், மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். நான் கேட்பது ஒரு பெஞ்சில் அரைப் பங்கு இடம். கணக்கில் 78 எடுத்திருக்கிறான், வணிகவியல் பிரிவு கேட்கிறான். அந்தப் பிரிவில் இன்னும் இடம் இருக்கிறது என்று அலுவலகத்திலேயே சொன்னார்கள். கடைசி வரிசையில் தனியாக வேண்டாம், நடு வரிசையில் யாரோடாவது உட்கார வையுங்கள். என் மகன் அதே பிரிவுதான், அவன் பக்கத்து இடத்தை விட்டு வைத்திருப்பதாகச் சொல்கிறான்.

டி.சி.யில் 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்ற கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து அதை நிரப்ப வேண்டிய தேவையே வராமல் செய்யுங்கள்.

வருகிற திங்கட்கிழமை காலையில் அப்பத்தாவும் பையனும் விண்ணப்பத்தோடு மறுபடி வருவார்கள். அப்பத்தாவுக்குக் கையெழுத்து வராது, பாதுகாவலர் இடத்தில் கைநாட்டு வைப்பார். காது மந்தம் என்பதால் கொஞ்சம் உரக்கப் பேசுங்கள். பொறுப்பாளர் என்று உள்ளூரில் இன்னொருவர் கையெழுத்து வேண்டுமென்றால், நானும் கூடவே வருகிறேன், போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தாய்
காரைக்குடி