ஆய்வகத்தில் சேரப் போகிறேன், அண்ணா

அன்புள்ள அண்ணனுக்கு,

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். "இரண்டாம் வருஷத்திலேயே ஆராய்ச்சி எதற்கு? முதலில் மார்க்கைப் பார்" என்றீர்கள். நிதானமாக யோசித்து இதை எழுதுகிறேன்.

இங்கே அமெரிக்காவில் இளங்கலை மாணவர்களை ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்வது சாதாரண விஷயம். இங்குள்ள எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மெக்விகர் என்ற ஆசிரியர் 1969இலேயே இதற்கென்று ஒரு திட்டம் தொடங்கினார். அங்கே முதல் வருஷத்தவர்களும் சேரலாம். அதைப் படித்துவிட்டு நானும் வந்தவுடனே சேரத் துடித்தேன். சேராமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று. முதல் செமஸ்டரில் பாடம் ஓடும் வேகமே எனக்குப் புதிது. கெமிஸ்ட்ரியில் எப்படித் தடுமாறினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் மூன்றாம் வருஷக் கடைசி வரை தள்ளிப்போடவும் முடியாது, அண்ணா. பிஎச்.டி. விண்ணப்பங்களை நான்காம் வருஷம் டிசம்பர் வாக்கில் அனுப்ப வேண்டும். பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர் அதற்குள் என் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் முதல் சில மாதங்கள் பாதுகாப்புப் பயிற்சி, பிப்பெட் (திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) பிடிப்பது, நோட்டு எழுதுவது என்றே போய்விடும். டிசம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், இப்போது தொடங்கினால்தான் சரியாக வரும்.

கோடையில் வேறு பல்கலைக்கழகம் போய்ச் சுமார் 10 வாரம் ஆராய்ச்சி செய்ய இங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தருகிறது. அது குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்த எனக்கு அந்த வழி இல்லை. அதனால் நான் படிக்கும் இடத்திலேயே ஓர் ஆய்வகத்தைப் பிடிப்பது எனக்கு இன்னும் முக்கியமாகிவிட்டது.

இங்கே ஆய்வகம் நடத்தும் ஒரு பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். அவருடைய இரண்டு கட்டுரைகளைப் படித்து, புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு போயிருந்தேன். மார்க்கைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "சேர்ந்தாற்போல் மூன்று நான்கு மணி நேரம் எந்தெந்த நாள் வர முடியும்?" என்றுதான் கேட்டார். வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் ஒரு பிசிஆர் (டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் சோதனை) கூட ஓடி முடியாது. சரி என்று ஒரு பாடத்தைத் தள்ளிவைத்து, செவ்வாய், வியாழன் பிற்பகல்களைக் காலியாக வைத்துவிட்டேன். விசாவுக்காக, செமஸ்டருக்கு எடுக்கும் பாடங்களின் கணக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையாமலும் பார்த்துக்கொண்டேன். சம்பளம் கிடையாது, கிரெடிட் மட்டும்தான்.

ஜனவரி இரண்டாவது வாரம் பயிற்சி தொடங்குகிறது. மிட்டெர்ம் மார்க் வந்ததும் அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன், அப்புறம் பேசுவோம். அப்பாவிடம் மட்டும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை