பூச்சாண்டிக்குத் திருநீறு பூசியது யார்?

எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் பிறந்த என் மகளுக்கு அ, ஆ எழுத வந்ததே உங்களால்தான். அதனால் இதைச் சண்டையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன வாரம் அவள் கொண்டுவந்த தாளில், உடம்பெல்லாம் திருநீறு பூசிய ஆண்டியைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்ததால் வந்த சொல் பூச்சாண்டி என்று போட்டிருந்தது. கீழே, பிரித்து எழுதச் சொல்லி ஒரு கேள்வி. அவள் 'பூச்சி + ஆண்டி' என்று எழுதிச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி வாங்கியிருந்தாள்.

அது அவ்வளவு உறுதியான தப்பா? பெரியாழ்வார் திருமொழியில் இரண்டாம் பத்தைத் திறந்தால் முதல் திருமொழியே 'அப்பூச்சி காட்டுகின்றான்' என்றுதான் பாசுரத்துக்குப் பாசுரம் முடிகிறது. குட்டிக் கண்ணன் ஆய்ச்சியரைப் பயமுறுத்துகிறான். அங்கே ஆண்டியும் இல்லை, திருநீறும் இல்லை. இமையைப் புரட்டிச் செக்கச்செவேலென்று கண்ணைக் காட்டும் விளையாட்டு அது என்பார்கள். என் தாத்தா அதைச் செய்வார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றும்போதே நாங்கள் அலறிக்கொண்டு ஓடுவோம்.

தெலுங்கிலும் பூச்சாண்டி உண்டு: பூச்சி, பூச்சோடு. முதல் எழுத்தைப் 'பூதம்' என்பதில் வருவதுபோல் அழுத்திச் சொல்ல வேண்டும். தெலுங்கில் பறக்கிற, ஊர்கிற பூச்சிக்குப் 'புருகு' என்று தனிச்சொல் இருக்கிறது. ஆக, பயமுறுத்தும் பூச்சி வேறு, விளக்கைச் சுற்றும் பூச்சி வேறு. ஆண்டி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருப்பான், திருநீற்றுக் கதை அதற்கும் அப்புறம் என்பது என் கணிப்பு.

'பூச்சி'யோடு 'ஆண்டி' சேர்ந்தால் பூச்சியாண்டி என்றல்லவா வரும் என்று கேட்பீர்கள். விதிப்படி சரி. ஆனால் பெரிய, அப்பா இரண்டையும் சேர்த்து நாம் யாரும் 'பெரியவப்பா' என்று கூப்பிடுவதில்லையே.

இன்னொன்று. எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி என் மகளுக்குச் சோறு ஊட்டும்போது கன்னடப் பூச்சாண்டியான 'கும்மா'வைக் கூப்பிடுவார். புரந்தரதாசர் 16ஆம் நூற்றாண்டில் பாடிய 'கும்மன கரெயதிரெ' பாட்டில், கும்மனைக் கூப்பிடாதே அம்மா என்று அதே கண்ணன் கெஞ்சுகிறான். தமிழில் பூச்சி காட்டியவன் கன்னடத்துக்கு வந்ததும் பயந்துவிட்டான்! இந்த ஊரில் வளரும் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா?

திருநீற்றுக் கதையை எடுக்கச் சொல்லவில்லை. 'என்றும் சொல்வார்கள்' என்று ஒரு வால் சேர்த்தால் போதும். அந்தப் பெருக்கல் குறியையும் அடித்துவிடுங்கள். முடிந்தால் வகுப்பில் யாராவது ஒருமுறை இமையைப் புரட்டிக் காட்டுங்கள். நானும் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா