ஜன்னல் ஓரத்தில் பெயிண்ட் உரிந்தால் பெயிண்டைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புரட்டாசி பிறந்துவிட்டது. எங்கள் மன்னார்குடி பக்கம் மழைக்கு முன்னால் பெயிண்ட் வேலையை முடித்துவிட எல்லோரும் ஆள் தேடி அலைகிறார்கள், அதனால் இதை இப்போதே எழுதுகிறேன்.

போன வருடம் எங்கள் வீட்டு மர ஜன்னல்களில், நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கை அடைக்க சீலன்ட் கேட்டேன். கடையில் சிலிக்கான் டியூபை எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாள் பெயிண்டர் அதன்மேல் எமல்ஷன் அடித்தார். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி பெயிண்ட் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டு நின்றது, இரண்டாவது கோட் கொடுத்து மூடினோம். கார்த்திகை மழை ஓய்ந்ததும் நகத்தால் லேசாக நெம்பினேன், ஒரு முழ நீளத்துக்குப் பாலாடை போல அப்படியே கையோடு வந்துவிட்டது. பெயிண்ட் மட்டம் என்றார் பெயிண்டர், அவருக்கு வேலை தெரியவில்லை என்றார் கடைக்காரர். இரண்டும் இல்லை, சாதாரண சிலிக்கான் மேல் நாம் வீட்டுக்கு அடிக்கிற பெயிண்ட் பிடிக்காது, அவ்வளவுதான்.

பெயிண்ட் அடிக்கப் போகும் இடம் என்றால், வீட்டுக்கு உள்பக்கம் அக்ரிலிக் சீலன்ட் போதும். தண்ணீர் கலந்த சரக்கு, ஈரவிரலால் இழுத்துவிடலாம், விலையும் குறைவு. ஆனால் காயும்போது கொஞ்சம் சுருங்கும். மேலே தோல் கட்டிவிட்டதே என்று அன்றைக்கே பெயிண்ட் அடித்தால் பிறகு வெடிப்பு விடும், டியூபில் போட்டிருக்கிற நேரம் வரை பொறுக்க வேண்டும். வாடைக்காற்றோடு சாரல் அடிக்கிற வெளிப்பக்கத்துக்குப் பாலியூரிதேன் வாங்குங்கள், அது இழுத்தாலும் கொடுக்கும், பெயிண்டும் ஏற்கும். சிலர் வெறும் பட்டியோ வெள்ளை சிமென்டோ வைத்து அடைக்கிறார்கள். மழையில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும், போதாததற்கு நம் டெல்டா களிமண் சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கிற மண், சுவரே அசைகிறது, இறுகிப்போகும் சரக்கு எப்படித் தாங்கும்?

அலுமினிய ஜன்னலுக்குச் சிலிக்கான் நல்லதுதான். ஆனால் வினிகர் வாடை அடிக்கும் ரகம் சிமென்டில் சரியாகப் பிடிக்காது, நியூட்ரல் என்று கேட்டு, சட்டத்தின் நிறத்திலேயே வாங்கி, பெயிண்ட் அடிக்காமல் விட்டுவிடலாம். அப்புறம், தள்ளு ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் வெளிப்பக்கமாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அவை தண்ணீர் வெளியேறத்தான். ஒழுகுகிறது என்று அதையும் அடைத்துவிடுகிறார்கள், தண்ணீர் தேங்கி உள்ளே வழிகிறது.

ஏற்கனவே சிலிக்கான் வைத்தவர்கள் முழுவதையும் பிளேடால் அறுத்து, சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்த பிறகுதான் வேறு சீலன்ட் வைக்க வேண்டும். மெல்லிய படலம் மிச்சம் இருந்தாலும் புதியது ஒட்டாது. எனக்கு ஆறு ஜன்னலுக்கு இரண்டு நாள் ஆனது, கூலி தனி.

என் டியூபில் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பது பொடி எழுத்தில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அந்த ஒரு வரியைத் தமிழில் பெரிதாக அச்சிட்டால் எத்தனையோ பேருக்குப் பணம் மிச்சமாகும். அதுவரை, ஹார்டுவேர் கடைக்காரர்கள் டியூபைக் கொடுக்கும் முன் "இதுமேல பெயிண்ட் அடிப்பீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி