பீகிள் தனியே இருக்காது

அன்புள்ள தம்பி,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோ முன்பு மாதிரித்தான். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, சிறுபோகம் செய்யலாம் என்கிறார்கள். மற்றப் புதினமெல்லாம் தங்கச்சி சொல்லியிருப்பாள்.

நீ அனுப்பிய நாய்க்குட்டியின் படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வாசலில் கிடந்த சப்பாத்துகளையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் குட்டியைத்தான் பார்த்தேன். பீகிள் என்று எழுதியிருந்தாய். பேத்தியைக் கொண்டு போனில் தேடுவித்து, வாசிக்க வாசிக்கக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். சரித்திரம் படிப்பித்த பழக்கம் விடாது.

இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்றே வளர்த்த சாதி அது. முதலாம் எலிசபெத் மகாராணியிடம் மிகச் சிறிய பீகிள்கள் இருந்தனவாம். ஆனால் இன்றைய பீகிளின் வேர், 1830களில் எசெக்ஸில் பிலிப் ஹனிவுட் என்ற பாதிரியார் வளர்த்த கூட்டம் என்கிறார்கள். கவனி, கூட்டம். குதிரை இல்லாதவனும் நடந்தே பின்னால் போகலாம். நாய்கள் ஒன்றாக ஓடி, மணம் பிடித்து, நீளக் குரல் எடுத்து அவனுக்கு இடம் காட்டும். வால் நுனி வெள்ளையாக இருப்பதும் புல்லுக்குள் தெரியத்தான்.

பகல் முழுக்க ஊளையிடுகிறது, பக்கத்து வீட்டார் முறைப்பாடு சொல்கிறார்கள் என்றாய். அதற்காகக் குட்டிக்கு அடித்துவிடாதே. அது குழப்படி இல்லை. அப்புவின் நாய்கள் முத்தையன்கட்டுக் காட்டுக்குள் குரைத்தால், உடும்புக்கா பன்றிக்கா என்று அப்பு நின்ற இடத்திலேயே சொல்வார். குரல் கொடுத்தால் ஆள் வரும் என்பது வேட்டை நாய்க்கு இரத்தத்தில் ஊறியது. உன் குட்டியும் ஆளைத்தான் கூப்பிடுகிறது. நீ விடிய வெளிக்கிட்டு இருட்டிய பிறகு வருகிறாய். அதுவரை வீட்டில் வேறு ஒருவரும் இல்லையா?

இவ்வளவு படித்த பிள்ளை, வாங்க முதல் எங்களிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். சரி, மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் இருந்து படித்துக் கம்பஸ் போனவன் நீ, ஒரு குட்டியைப் பழக்குவது உனக்குப் பெரிய வேலையா? குணத்தில் தங்கம் என்கிறார்கள். அமெரிக்க விமான நிலையங்களில் 1984 முதல் பெட்டிகளுக்குள் இருக்கும் பழமும் இறைச்சியும் மணந்து பிடிக்கப் பீகிளை வைத்திருப்பதே, சனம் அதைக் கண்டு பயப்படாது என்றுதான்.

வெளியே போனால் கயிற்றை விடாதே. மணம் பிடித்துவிட்டால் நீ கூப்பிடுவது அதன் காதில் விழாது. கேட்கக் கேட்கச் சாப்பாடு போடாதே, இந்தச் சாதி அளவில்லாமல் தின்று கொழுத்துவிடும். தொங்கு காதுக்குள் காற்றுப் படாது, அடிக்கடி பார்த்துத் துடை. எல்லாவற்றிலும் பெரிது, தனியே விடாதே. பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கும் சீவன். அவ்வளவு காலமும் அதற்கு ஆள் வேண்டும்.

சண்டைக்குள் மாத்தளனுக்கு இடம்பெயர்ந்து போகிற வழியில், ராமுவுக்குப் பிறகு இனி நாயே வளர்க்க மாட்டேன் என்றவன் நீ. அன்றைக்கு உன் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. பிறகு எத்தனை பேர் குட்டி தந்தார்கள், ஒன்றையும் நீ தொடவில்லை. இப்போது நீயாகப் போய் ஒன்றை வாங்கியிருக்கிறாய். வீடு அவ்வளவுக்கு வெறிச்சென்று இருக்கிறதா தம்பி?

குட்டிக்குக் குளிர்ச் சட்டை வாங்கு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. தனியே விடாதே.

ஞாயிற்றுக்கிழமை போன் எடு. மருமகள் நின்றால் அவளிடமும் கொடு. அவளுக்கென்று அம்மா வேப்பம்பூ வடகம் போட்டுக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறாள். எந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எழுது.

இப்படிக்கு,
அப்பா