மகளுக்கு, அந்த 6 எண்களைப் பற்றி

பட்டர்வொர்த்

அன்பு மகளுக்கு,

தொலைபேசியில் சொல்ல நா எழாததால் எழுதுகிறேன். உன் அத்தை 800 ரிங்கிட்டைப் பறிகொடுத்ததற்குக் காரணம் நான்தான். நண்பர் ஒருவரின் எண்ணிலிருந்து, "ஒரு குறியீடு தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நான், குறுஞ்செய்தியில் வந்திருந்த 6 எண்களையும் யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். நண்பரின் கணக்கு முன்பே களவு போயிருந்தது என்பதும், அந்தக் குறியீடு என் கணக்கை வேறொரு கைப்பேசிக்கு மாற்றும் சாவி என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. அன்று மாலைக்குள் என் படத்தோடு உறவினர் பலரிடம் அவசரக் கடன் கேட்கப்பட்டது. கேட்டது மலாய் மொழியில். என் தங்கைக்கு நான் ஒருநாளும் மலாயில் எழுதியதில்லை. பாசம் அதைக் கவனிக்கவிடவில்லை.

குறியீட்டை மறுபடி வரவழைத்துப் பதிந்ததும் திருடன் வெளியேற்றப்பட்டான். ஆனால், குறியீட்டோடு நாமே வைத்த இரகசிய எண்ணையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை நான் இயக்காமல் விட்டிருந்ததால், அவன் முந்திக்கொண்டு தன் இரகசிய எண்ணை அதில் வைத்துவிட்டான். அது தெரியாத நான் உள்ளே நுழைய 7 நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. உன் கைப்பேசியில் அதை இன்றே இயக்கிவிடு. பிறந்த நாளை இரகசிய எண்ணாக வைக்காதே. உன் பிறந்த நாள் நம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. தீபாவளிக்கு வந்திருந்தபோது உன் அலுவலக மடிக்கணினியில் தம்பி மகன் ஏதோ விளையாட்டைப் பதிவிறக்கினான். குழந்தைதானே என்று நானும் பேசாமல் இருந்தேன். அதில் கணினிக்குக் கேடு செய்யும் தீநிரல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் கோலாலம்பூரில் பதில் சொல்ல வேண்டியவள் நீ. இனி அந்தக் கணினியை வீட்டில் யாருக்கும் கொடுக்காதே, நான் கேட்டாலும் சரி. அலுவலக மின்னஞ்சலுக்கும் இணையக் கடைகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாயே, அதையும் மாற்று. ஏதோ ஒரு கடையிலிருந்து அது கசிந்தால், அதே சொல்லை உன் மின்னஞ்சலிலும் போட்டுப் பார்ப்பார்கள். என் கடவுச்சொற்களை நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்திருப்பதை நீ கேலி செய்வாய். எங்கோ இருந்துகொண்டு திருடுபவனால் அலமாரியைத் திறக்க முடியாது என்பதால் நான் அதை மாற்றப்போவதில்லை.

பணம் போனது தெரிந்தால், வெட்கப்பட்டு என்னைப்போல் இரவெல்லாம் உட்கார்ந்திராதே. 2022இல் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்ற எண்ணிலோ, உன் வங்கியின் அவசர எண்ணிலோ உடனே அழை. திருட்டுப் பணம் ஒரு கணக்கில் நிற்காமல் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிக்கொண்டே இருப்பதால், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே இலாபம். நான் அழைத்தது மறுநாள் பகலில்.

அத்தையின் பணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து இரண்டு தவணையாகக் கொடுத்துவிடுவேன். அடுத்த மாதம் நீ இரயிலில் வரும்போது அம்மாவின் கைப்பேசியிலும் அந்தச் சரிபார்ப்பை இயக்கிக் கொடு. என் கையில் தர அவள் மறுக்கிறாள்.

அன்புடன்,
அப்பா