பாப்பாவும் 23 பைன் காயும்

அன்புள்ள அக்கா,

நல்லா இருக்கியா, அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? நாங்க வந்து ஏழு மாசம் ஆச்சு, குளிரும் பாஷையும் ஒரு வழியா பழகிடுச்சு. இன்னிக்கு பாப்பா ஸ்கூல் பத்தி மட்டும்தான் எழுதப் போறேன், ஒண்ணாங்கிளாஸ் எடுக்கிற உன்கிட்ட இத சொல்லியே ஆகணும்.

வாரத்துல ஒரு நாள், மழை தூறினாலும் சரி, பசங்கள பக்கத்துல இருக்கற காட்டுக்கு கூட்டிட்டு போயிடறாங்க, துணைக்கு நானும் போன வாரம் போனேன். ஆளுக்கு ஒரு முட்டை அட்டை, 12 குழில ரெண்ட வெட்டிட்டு பத்தா வெச்சிருக்காங்க. கீழ விழுந்தத மட்டும்தான் எடுக்கணும், எதையும் பறிக்கக் கூடாது. குழிக்கு ஒரு பைன் காய், பத்தும் நிறைஞ்சா பையில கொட்டிட்டு மறுபடி முதல்லேர்ந்து. நம்ம பாப்பா நூறு வரைக்கும் கடகடன்னு ஒப்பிப்பா, ஆனா ஏழு எடுத்துட்டு வான்னா ஒன்பது எடுத்துட்டு வருவா, ஞாபகம் இருக்கா? அவ ரெண்டு தடவ கொட்டிட்டு, அட்டைல மீதி மூணப் பாத்துட்டு "ரெண்டு பத்து, மூணு... 23-ம்மா"ங்கறா! எனக்கு கண்ணு கலங்கிடுச்சுக்கா.

அப்புறம் புல்லு மேல ஒரு வளையத்த போட்டு உள்ள என்னென்ன இருக்குன்னு எண்ணச் சொன்னாங்க, எறும்பு நிக்குமா, ஓடிட்டே இருக்கு, அதனால ஒண்ணப் பாத்தா ஒரு கோடு, அஞ்சாவதுக்கு குறுக்க ஒரு கோடு. ஒரு பையன் சிலந்திய பூச்சின்னு சொன்னான், டீச்சர் தப்புன்னு சொல்லல, கால எண்ணிப் பாருன்னாங்க. எட்டு! எறும்புக்கு ஆறு. பூச்சின்னா ஆறு கால்தானே, அப்ப இது வேறன்னு அவனே சொல்லிட்டான்.

எனக்கு ரொம்ப பிடிச்சது கல்லுதான். எட்டு கல்ல நெருக்கி வரிசையா வெச்சாங்க, பசங்க எண்ணினாங்க. அதே எட்ட தள்ளித் தள்ளி பரப்பி வெச்சதும் பாதி பேரு "இப்ப நிறைய இருக்கு"ன்னுட்டாங்க, நம்மளுதும்தான். நீ ட்ரெயினிங்ல படிச்சியே, குழந்தைங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணின பியாஜே சொன்னத, சின்ன பசங்க வரிசையோட நீளத்தப் பாத்து ஏமாந்துடுவாங்கன்னு, அதேதான். இதுக்கு காடெல்லாம் வேணாம்க்கா, ஸ்கூல்ல ஒரு மரத்தடி இருந்தா போதும், உன் பசங்களோட செஞ்சு பாத்துட்டு கண்டிப்பா எழுது.

இவ இப்பவும் ராத்திரி கல்ல பரப்பி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நேத்து பரப்பினா, எண்ணினா, மறுபடி நெருக்கினா, எண்ணினா, என்ன நிமிந்து பாத்து "ரெண்டும் எட்டேதாம்மா"ன்னா.

உன் தங்கச்சி