ஓயாத இருமலும் சளிப் பரிசோதனையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளின் நாட்பட்ட இருமலைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, ஆஸ்துமாவையும் காசநோயையும் நன்றாக விளக்கிவிட்டு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. ஐரோப்பியரைவிட நம்மிடையே அது குறைவுதான். அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. பினாங்கில் குழந்தைகள் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அந்த வரியை நம்பி எந்தப் பெற்றோரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்து சேரும் பிள்ளைக்கே இந்நோய் உண்டாகிறது. நுரையீரலில் ஊறும் சளி கெட்டியாகி, வெளியேறாமல் தங்கி, கிருமிகளுக்கு இடம் கொடுக்கிறது. சிறு வயதில் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ். வயது ஏற ஏற சூடோமோனாஸ். இந்த இரண்டாவதுதான் பொல்லாதது. தொற்றிய புதிதில் கண்டுபிடித்தால், டோப்ராமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தை நெபுலைசர் (மருந்தை நுண்துளிப் புகையாக்கும் கருவி) வழியே உள்ளிழுக்கச் செய்து பெரும்பாலும் விரட்டிவிடலாம். காலம் கடந்தால், தன்னைச் சுற்றி வழவழப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொண்டு நிலையாகக் குடியேறிவிடும். அதன்பின் எவ்வளவு வீரியமான ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் அடங்குமே தவிர முற்றாக அழிவது அரிது.

ஆகவே மாதக்கணக்கில் இருமும் பிள்ளைக்கு ஆஸ்துமா மருந்தையே மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிராமல், சளியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பும்படி பெற்றோர் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சளியைத் துப்பத் தெரியாத குழந்தைக்குத் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பார்கள். அத்துடன் எடை ஏறாமலும், மலம் எண்ணெய்ப்பசையோடும், முத்தமிட்டால் நெற்றி உப்புக் கரித்தும் இருந்தால் வியர்வைப் பரிசோதனை அவசியம். வியர்வையில் உப்பின் கூறான குளோரைடு அளவு லிட்டருக்கு 60 மில்லிமோலையோ அதற்கு மேலோ எட்டினால், இந்நோய் என்றே பெரிதும் கருதப்படும்.

நம் நாட்டுக்கென்று இன்னொரு ஆபத்தும் உண்டு. மெலியோடோசிஸ் என்ற கடும் தொற்றுநோயை உண்டாக்கும் கிருமி இங்குள்ள மண்ணிலும் சேற்றிலும் வாழ்வது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களின் நுரையீரலில் அதுவும் நாட்பட்டுத் தங்கக்கூடும். அதன் இனத்தைச் சேர்ந்த செப்பேசியா கிருமியும் இவர்களைத் தாக்குவதால், ஆய்வகம் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட வாய்ப்பிருக்கிறது. ஆகவே பரிசோதனைப் படிவத்தில் பிள்ளைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பதை மருத்துவர் குறிப்பிட்டு அனுப்புவது நல்லது.

நெபுலைசர் குப்பியைக் குழாய்நீரில் அலசி, ஈரத்தோடு சிங்க் ஓரம் கவிழ்த்து வைக்கும் வழக்கத்தைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். சூடோமோனாஸ் ஈரத்தில் வளர்வது. கழுவி, கிருமி நீக்கி, முழுதும் உலர வைப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. தங்கள் மருத்துவப் பக்கம் அதைப் படத்துடன் வெளியிட்டால் ஆஸ்துமாப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் பயன்படும்.

இவண்,
ஓய்வுபெற்ற தாதி,
பட்டர்வொர்த், பினாங்கு